ஆச்சியோடு பேசுவதை நிறுத்த வேண்டாம்

தென்காசி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். செங்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், வயது 27. பி.இ. முடித்துவிட்டு, தைவானிலிருந்து உதிரிபாகம் வாங்கும் ஒரு கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருக்கிறார். வீட்டில் அம்மா, ஆச்சி (பாட்டி) எல்லோரோடும் தமிழ். பெரியம்மா வீடு புனலூரில் என்பதால் மலையாளம் சின்ன வயதிலேயே காதில் விழுந்து வாயிலும் ஏறிவிட்டது. புனேயில் இரண்டு வருஷம் வேலை பார்த்ததில் இந்தி. ஆபீஸுக்கு ஆங்கிலம். சென்னையில் இருந்தபோது மாலை வகுப்புக்குப் போய் ஜப்பானிய மொழியில் என்4 தேர்வு (அடியிலிருந்து இரண்டாம் படி) வரை முடித்திருக்கிறார். இப்போது தெற்குத் தைவானில் ஒரு மொழி மையத்தில் ஒரு வருஷம் மாண்டரின், அதாவது பொதுச் சீன மொழி, படிக்க இடம் கிடைத்திருக்கிறது. செப்டம்பரில் கிளம்ப வேண்டும்.

ஏற்கெனவே வெளிநாட்டில் படித்த ஒரு தோழி, "ஆறு மாசத்துக்குத் தமிழே பேசாதே, வீட்டுக்குக்கூட போன் போடாதே, அப்பத்தான் மொழி உள்ளே இறங்கும்" என்று சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டு அம்மா அழுதிருக்கிறார். வாசகியோ இன்னொரு பக்கம், மற்ற மொழிகள் மறந்துவிடக் கூடாதென்று தினமும் மொழிக்கு அரை மணி வீதம் அட்டவணை போட்டு வைத்திருக்கிறார். தமிழ்க் காதுக்குச் சீனத் தொனி (சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கம்) பிடிபடாது என்று யாரோ சொன்ன பயம் வேறு. திரும்பி வந்ததும் மொழிபெயர்ப்பாளர் வேலைக்குப் போய்விடலாமா, இப்போதைய வேலையை ராஜினாமா செய்துவிட்டுக் கிளம்பலாமா என்றும் கேட்கிறார். "ஒண்ணைப் பிடிக்கப் போய் நாலை விட்டுருவேனோன்னு ராத்திரி தூக்கம் வரல" என்று முடிகிறது கடிதம்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் தோழி சொன்னதை எடுத்துக்கொள்கிறேன், உங்களை அதிகம் வாட்டுவது அதுதான் என்று தெரிகிறது. வீட்டோடு பேசுவதை நிறுத்தாதீர்கள். தாய்மொழியைப் பூட்டி வைத்தால் புது மொழி சீக்கிரம் வரும் என்பது சரியல்ல. நல்ல எண்ணத்தில்தான் அவர் சொல்லியிருப்பார். ஆனால் அங்கே உங்கள் மாண்டரினுக்குப் போட்டி தமிழ் இல்லை, ஆங்கிலம். விடுதி அறையில் வியட்நாம் பெண்ணும் இந்தோனேசியப் பெண்ணும் இருப்பார்கள், மூன்று பேரும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வீர்கள். வகுப்பு முடிந்ததும் இந்திய மாணவர்களோடு சேர்ந்து சமைப்பீர்கள், அங்கே இந்தியும் ஆங்கிலமும் ஓடும். ஒரு நாளில் ஆறேழு மணி நேரம் இப்படியே போய்விடும். இதை விட்டுவிட்டு, ஆச்சியோடு பேசுகிற இருபது நிமிஷத்தை வெட்டி என்ன ஆகப்போகிறது?

தைவான் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே இரவு ஒன்பது என்றால் இங்கே ஆறரை. ஆச்சி விளக்கேற்றிவிட்டுத் திண்ணையில் வந்து உட்காரும் நேரம். அதை உங்கள் நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு ஏக்கத்தைப் பல்லைக் கடித்துத் தாங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது மாதம் அவர்கள் அறையை விட்டு வெளியே வருவதே இல்லை. வெளியே வந்தால்தானே மொழி?

இன்னொன்று, தமிழ் உங்களுக்கு அங்கே தடையாக இருக்காது, கைகொடுக்கும். மாண்டரினை எல்லோரும் ஆங்கிலம் வழியாகப் படிக்கிறார்கள், பாடப்புத்தகமும் அப்படித்தான் இருக்கிறது. நீங்கள் குறிப்பைத் தமிழில் எழுதிப் பாருங்கள். "நான் நேற்று வாங்கின புத்தகம்" என்பதைச் சீனத்தில் சொல்லும்போது நான், நேற்று, வாங்கு, அப்புறம் 'தெ' என்று ஒரு சின்ன ஒட்டு, கடைசியில் புத்தகம். அப்படியே நம் வரிசை. அந்தத் 'தெ' நம் 'வாங்கின'வின் கடைசியில் ஒலிக்கிற 'அ' செய்கிற வேலையைத்தான் செய்கிறது. ஆங்கிலத்தில் யோசிக்கிறவர்கள் புத்தகத்தை முன்னால் போட்டுவிட்டுத் திண்டாடுவார்கள். கேள்வி கேட்க நாம் "வர்றியா" என்று கடைசியில் ஒரு 'ஆ' சேர்க்கிறோம், அவர்கள் ஒரு 'மா' சேர்க்கிறார்கள். "கடையில் சாப்பிட்டேன்" என்பதில் கடை முன்னால், சாப்பாடு பின்னால். அவர்களுக்கும் அதேதான். "நான் புத்தகம் வாங்கினேன்" என்ற சாதாரண வாக்கியத்தில் மட்டும் வினை நடுவுக்குப் போய்விடும். அதற்கு ஆங்கிலப் பழக்கம் உதவும்.

உறவுமுறைக்கு வந்தால் வீட்டுக்கே வந்த மாதிரி இருக்கும். அண்ணன் 'கெ-க', தம்பி 'தீ-தி', அக்கா 'ஜியே-ஜியே', தங்கை 'மெய்-மெய்'. பெரியப்பாவும் சித்தப்பாவும் தனித்தனிச் சொல், தாய்மாமனுக்கு வேறு சொல். ஆங்கிலேயர் இதற்குத் தனிப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வார்கள், நீங்கள் ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடுவீர்கள். முன்பின் தெரியாத நடுவயதுப் பெண்ணை நாம் அக்கா, அத்தை என்று கூப்பிடுகிறோம் இல்லையா, அங்கே 'ஆ-யி' என்பார்கள். அம்மாவின் சகோதரியைச் சொல்லும் சொல். உங்கள் புனலூர் பெரியம்மாவை நினைத்துக்கொண்டு சொல்லிப் பழகுங்கள். பழைய ஆட்கள் எதிரில் பார்த்தால் "சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். 'ச்சி-லெ-மா' என்பதில் அந்த 'லெ'தான் நம் 'ஆச்சு'. பெயர்ச்சொல் மாதிரி இதை உருப்போட வேண்டாம், ஆச்சி "சாப்ட்டாச்சா ஏட்டி" என்று கேட்பதை மனதில் கேட்டாலே போதும்.

தமிழ்க் காதுக்குத் தொனி வராதா?

யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 'ம்' என்ற ஒரே ஒலியை ஆச்சி எத்தனை விதமாகச் சொல்கிறார் என்று கவனியுங்கள். காது சரியாகக் கேட்கவில்லை என்றால் கீழிருந்து மேலே ஏறும் 'ம்?'. அது மாண்டரினின் இரண்டாம் தொனி. பிள்ளை அடுப்புப் பக்கம் போனால் மேலிருந்து வெட்டி இறங்கும் 'ம்!'. அது நான்காம் தொனி. சொன்னதை முழுசாக நம்பாமல் அடித்தொண்டையில் இழுக்கும் 'ம்ம்' மூன்றாம் தொனிக்குக் கிட்ட வரும். டாக்டர் தொண்டையைப் பார்க்கும்போது ஒரே மட்டத்தில் பிடிக்கிற 'ஆ' மாதிரி உயரத்தில் நேராக நிற்பது முதல் தொனி. நாலும் உங்களிடம் இருக்கின்றன. இது போக, தொனியே இல்லாமல் லேசாகத் தொட்டுவிட்டுப் போகும் அசைகளும் உண்டு.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நமக்குத் தொனி வாக்கியத்துக்குச் சொந்தம், அவர்களுக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் சொந்தம். திருநெல்வேலிப் பேச்சில் கடைசிச் சொல்லை இழுத்து மேலே தூக்குவோம். அதே பழக்கத்தில் சீன வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் தூக்கினால் அந்தச் சொல்லே மாறிப்போகும். நீங்கள் கொள்முதலில் இருக்கிறீர்கள், அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். 'மாய்' என்பதை மூன்றாம் தொனியில் சொன்னால் வாங்குவது, நான்காம் தொனியில் சொன்னால் விற்பது. என்னிடம் மாண்டரின் படித்த ஒரு பையன் தொலைபேசியில் "இந்த மாசம் ஐந்நூறு பெட்டி வாங்குகிறோம்" என்பதை அழுத்திச் சொல்ல நினைத்தான். அழுத்தம் கொடுத்தால் குரல் வெட்டி இறங்கும் அல்லவா, 'விற்கிறோம்' என்று போய்விட்டது. எதிர்முனையில் இருந்தவர் விலை என்ன என்று கேட்டார். அன்றைக்கு அவன் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அப்புறம் அவன் இரண்டு வாரம் அந்த இரண்டு சொற்களை மட்டும் கைப்பேசியில் பதிவுசெய்து கேட்டுக் கேட்டுத் திருத்திக்கொண்டான்.

ஒலிகளில் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். முதலாவது மூச்சு. இந்தியில் 'பல்' என்றால் கணம், அதையே மூச்சை விட்டுச் சொன்னால் பழம். இந்த வித்தியாசம் மாண்டரினில் ஏகத்துக்கு வரும், தமிழில் இல்லை. ஒரு தாள் துண்டை உதட்டுக்கு முன்னால் பிடித்துச் சொல்லுங்கள். மூச்சு ஒலிக்குத் தாள் ஆட வேண்டும், மற்றதற்கு ஆடக் கூடாது. புனே இந்தி இங்கே உங்களுக்கு முதலீடு. இரண்டாவது நம் ழகரம். சீனத்தில் மனிதன் என்பதற்கான சொல் கிட்டத்தட்ட 'ழென்'. உலகத்தில் பாதிப் பேர் தடுமாறும் ஒலி நம் அரிச்சுவடியிலேயே இருக்கிறது. நம்ம பக்கம் வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்று சொல்லிவிடுகிறோம், அதனால் நாக்கைக் கொஞ்சம் பழக்க வேண்டியிருக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை. தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ழகரத்துக்கு நாம் போடுகிற அதே இரண்டெழுத்தை (zh) சீனர்கள் வேறு ஒலிக்கு வைத்திருக்கிறார்கள். நாக்கை மேலே மடக்கி 'ஜ' சொல்ல முயன்றால் வருவது அது. அதை ழகரமாக வாசித்துவிடாதீர்கள்.

போய் இறங்கினால் தானாக வந்துவிடுமா?

நம் ஊரில் கிணற்றில் நீச்சல் பழகும்போது முதுகில் சுரைக்குடுக்கை கட்டித்தான் இறக்குவார்கள். மொழிக்கும் குடுக்கை வேண்டும். கிளம்புவதற்கு முன் நாலு தொனியும் கை வசப்பட்டிருக்க வேண்டும், முந்நூறு நானூறு சொல் தெரிந்திருக்க வேண்டும். அது இல்லாமல் போனால் முதல் இரண்டு மாதம் உங்களைச் சுற்றி ஓடுவது மொழியாகவே காதில் விழாது, வெறும் சத்தம்தான்.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சிக் கழகம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசுகிறவர் மாண்டரினில் வேலை பார்க்கும் அளவுக்கு வர 88 வாரம், 2,200 வகுப்பு மணி. அதே கணக்கில் நம் தமிழுக்கு 1,100 மணி. இது ஆங்கிலக்காரருக்கான கணக்கு, உங்களுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் அளவு புரியும். மொழி மையத்தில் வாரம் 15 மணி வகுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். விடுமுறை போக 45 வாரம் வைத்தால் 675 மணி. மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. மீதி வகுப்புக்கு வெளியே வர வேண்டும், அதற்குத்தான் ஊரை விட்டுப் போவது.

வகுப்புக்கு வெளியே என்றால் மனிதர்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒரே காலைக் கடைக்குப் போங்கள். தைவானில் தெருவுக்குத் தெரு காலைச் சிற்றுண்டிக் கடை இருக்கும். முதல் வாரம் பட்டியல் தாளில் டிக் போட்டுக் கொடுப்பீர்கள். இரண்டாவது வாரம் தாளைத் தொடாமல் வாயால் கேளுங்கள். ஒரு மாதத்தில் கடைக்கார அம்மா நீங்கள் வரும்போதே "அதேதானா?" என்று கேட்பார், ஒருநாள் போகாவிட்டால் அடுத்த நாள் ஏன் வரவில்லை என்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தேவைப்படுகிற சொற்களை நீங்கள் மறக்கவே மாட்டீர்கள். நான் தெற்குத் தைவானின் தைனான் நகரில் இருந்த பத்து மாதத்தில் எனக்குப் பேச்சு வந்தது ஒரு சைக்கிள் ரிப்பேர் கடையில்தான். நீங்கள் சைவம் என்று எழுதியிருக்கிறீர்கள். கவலை வேண்டாம், தைவானில் பௌத்த சைவ உணவுக்கடைகள் நிறைய. பலகையில் 'சைவம்' என்பதைக் குறிக்கும் எழுத்தையே உங்கள் முதல் எழுத்தாகப் படித்துக்கொண்டு போங்கள்.

தெற்கில் வயதானவர்கள் வீட்டில் தைவானிய ஹொக்கியன் என்ற இன்னொரு சீன மொழி பேசுவார்கள். அவர்கள் மாண்டரினில் நாக்கு மடக்கும் ஒலிகள் மழுங்கி இருக்கும், 'ஷி' என்ற பத்தும் 'ஸி' என்ற நாலும் கிட்டத்தட்ட ஒன்று போலக் கேட்கும். விலை கேட்கும்போது விரலைக் காட்டச் சொல்லுங்கள், தப்பில்லை.

எழுத்தை விட்டுவிட்டுப் பேச்சு மட்டும் படிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். உங்கள் வேலையே விலைப்பட்டியலும் குறுஞ்செய்தியும்தான். தைவானில் பழைய முழு எழுத்து, சீனாவில் சுருக்கிய எழுத்து. முழு எழுத்து தெரிந்தவர் சுருக்கியதைப் பழகிக்கொள்வது அவ்வளவு கஷ்டமில்லை, அதனால் அங்கே என்ன சொல்லிக்கொடுக்கிறார்களோ அதையே படியுங்கள்.

இருக்கிற மொழிகளை என்ன செய்வது?

உங்கள் அரை மணி அட்டவணையைக் கிழித்துப் போடச் சொன்னால் கோபிக்க மாட்டீர்களே? நாலு மொழிக்கு அரை மணி என்றால் இரண்டு மணி. அது மாண்டரினிலிருந்துதான் போகும். பத்து நாளில் அட்டவணை தவறும், தவறியதை நினைத்து மனசு குத்தும்.

உங்கள் ஊரையே பாருங்கள். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. அந்தக் காலத்து ஆட்கள் தமிழும் மலையாளமும் சரளமாகப் பேசுகிறார்கள். யாரும் அட்டவணை போட்டுக் காப்பாற்றவில்லை. சந்தையில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி, சம்பந்தி வீட்டில் ஒரு மொழி என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் இருந்தார்கள். நான் சொல்ல வருவது இதுதான்: ஒவ்வொரு மொழியையும் ஒரு ஆளிடம் ஒப்படையுங்கள்.

மலையாளத்துக்குப் பெரியம்மா. வாரத்துக்கு இரண்டு குரல் செய்தி, குழம்பில் உப்பு அதிகமாகிவிட்டது என்பது மாதிரி அன்றாட விஷயம் போதும். இந்திக்குப் புனேயில் கூட வேலை பார்த்தவர் யாராவது ஒருவர், ஞாயிற்றுக்கிழமை ஒரு போன். ஆங்கிலத்துக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், அதுவே வந்து ஒட்டிக்கொள்ளும். தமிழுக்கு ஆச்சி இருக்கிறார்.

ஜப்பானியத்துக்கு உங்களிடம் ஆள் இல்லை. அதனால் அதை இந்த ஒரு வருஷம் தூங்க விடுங்கள் என்பதே என் கருத்து. உங்களுக்கு வருத்தமாக இருக்கும், இரண்டு வருஷ மாலை வகுப்பு. ஆனால் மாண்டரினோடு முட்டப்போவது இதுதான். ஜப்பானியத்தில் 'கை', 'தாள்' என்ற இரண்டு எழுத்து சேர்ந்தால் கடிதம், சீனத்தில் அதே இரண்டும் கழிப்பறைக் காகிதம். ஜப்பானியத்தில் 'படிப்பு' என்று எழுதுவது சீனத்தில் 'வேண்டாவெறுப்பாக' என்று பொருள்படும். எழுத்துகளை அடையாளம் காண ஜப்பானியம் பெரிய உதவி, அதை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சை மட்டும் ஒதுக்கி வையுங்கள். ஒருமுறை படித்ததை மறந்தாலும் மறுபடி படிக்கும்போது முதல் தடவை ஆன நேரம் ஆகாது. ஜெர்மானிய ஆய்வாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னை வைத்துச் சோதித்துக் காட்டியது இது. புத்தகங்களை விற்றுவிடாமல் பரணில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மொழிகள் குழம்பும், அதற்குத் தயாராக இருங்கள். மாண்டரின் சொல்லைத் தேடும்போது தமிழ் குறுக்கே வராது, இந்தியோ ஜப்பானியமோதான் வரும். பிறந்ததிலிருந்து பேசும் மொழி ஒரு பக்கம், பின்னால் படித்தவை எல்லாம் ஒரே பெட்டியில் கிடப்பது போல இருக்கும். நான் திரும்பி வந்த வாரம் புனலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடையில் நின்றேன். சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தவரிடம் 'மதி' என்று சொல்ல வாயைத் திறந்தேன், 'கோவ் லெ' என்று வந்தது. சீனத்தில் 'போதும்'. அவர் இன்னும் ஒரு ஸ்பூன் போட்டார். எனக்கு நெஞ்சு பக்கென்றது, மலையாளம் போய்விட்டதோ என்று. நாலு நாள் கொல்லம் பக்கம் சொந்தக்காரர்களோடு இருந்தேன், எல்லாம் திரும்பி வந்துவிட்டது. இது மறதி இல்லை. கதவுக்கு முன்னால் புது மூட்டை கிடப்பதால் பழையதை எடுக்க நேரம் ஆகிறது, அவ்வளவுதான்.

வேலையும் விசாவும்

ராஜினாமா செய்யாதீர்கள், முதலில் சம்பளமில்லா விடுப்பு கேட்டுப் பாருங்கள். உங்கள் மாண்டரினால் கம்பெனிக்கும் லாபம் என்பதை எழுத்தில் வையுங்கள், அவர்கள் சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். திரும்பி வந்து இத்தனை வருஷம் வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம் நீட்டினால் கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள், அசல் சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள். விசா விவரத்தைச் சென்னையில் உள்ள தைபே பொருளாதார பண்பாட்டு மையத்திலேயே நேரில் கேளுங்கள், ஏஜென்ட் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். வகுப்பு வருகைப் பதிவு விசா நீட்டிப்போடு கட்டப்பட்டது. பகுதிநேர வேலை பார்த்துச் செலவைச் சமாளிக்கலாம் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மொழி மாணவருக்குச் சேர்ந்த உடனே வேலை அனுமதி கிடைக்காது, அனுமதியில்லாமல் பார்த்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பணத்தை இங்கிருந்தே திட்டமிட்டுப் போங்கள்.

மொழிபெயர்ப்பாளர் வேலை ஒரு வருஷத்தில் வராது. ஒருவர் பேசப் பேச இன்னொரு மொழியில் சொல்வது தனித் தொழில், அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். ஆனால் தைவான்காரரோடு போனில் பேசி, டெலிவரி தேதியை உறுதிசெய்து, அவர் அனுப்பிய செய்தியை நீங்களே வாசித்து, சரக்கில் குறை இருந்தால் மரியாதை குறையாமல் சொல்ல ஒரு வருஷம் போதும். கொள்முதலில் அந்த ஆளுக்கு இருக்கிற மதிப்பு உங்களுக்கே தெரியும்.

இப்போதைக்கு ஒரு வேலை. மாய் என்பதை வாங்குவதாகப் பத்து தடவை, விற்பதாகப் பத்து தடவை, இரண்டையும் கலந்து பத்து தடவை சொல்லிப் பதிவுசெய்து அனுப்புங்கள். எதை எப்போது சொன்னீர்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். நான் கேட்டு எழுதி அனுப்புகிற பட்டியல் உங்களுடையதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம்.